ஏர் சுற்றிப் போகும் கல்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. பொங்கல் முடிந்து வந்த இரண்டாவது சனிக்கிழமை. மத்திகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசலில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேரும் காலை எட்டு மணிக்கே வந்து நின்றார்கள். ஒன்பதரை மணிப் பள்ளிக்குப் பத்து மணிக்கு ஆடி அசைந்து வரும் கோபிதான் அன்று முதல் ஆள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியும் இருந்தான்.

இருக்காதா பின்னே? அன்று சுற்றுலா. அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை எந்த வகுப்பையும் யாரும் எங்கேயும் அழைத்துப் போனதில்லை.

போகப்போவது ஊட்டிக்கோ மைசூருக்கோ இல்லை. கெலமங்கலம் சாலையில் ஓரிடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டு வழியே நடந்துபோய், ஒரு கல்லைப் பார்க்கப் போகிறார்கள்.

"கல்லையா?" என்று கேட்டிருந்தார் தலைமையாசிரியர் முனிசாமி. "நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல கல்லைப் பாக்க எதுக்கும்மா பஸ் ஏறணும்? ஜன்னலைத் தெறந்தாலே கல்லுதானே தெரியுது?"

"இது நெடுங்கல்லுங்க ஐயா," என்றார் சமூக அறிவியல் எடுக்கும் சாந்தம்மா டீச்சர். "ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி, இங்க வாழ்ந்த ஜனங்க செத்துப்போனவங்க ஞாபகமா நிக்க வெச்சது. பிள்ளைங்க ஒரு தடவை கண்ணால பாத்துட்டா, பாடத்தை மறக்கவே மாட்டாங்க."

டீச்சர் அந்த வருடம்தான் வேலையில் சேர்ந்தவர். ஆனாலும் விடவில்லை. மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தலைமையாசிரியர் இறங்கி வந்தார்.

"சரி, போயிட்டு வாங்க. பதினொன்றரைக்கு நானும் ஸ்கூட்டர்ல அங்க வர்றேன். உருப்படியா இருந்தா வருஷா வருஷம் போகலாம். இல்லேன்னா இதோட சரி."

அவர் கணக்கு வாத்தியாரும்கூட. அச்சடித்த பாடப் புத்தகத்திலேயே பிழை கண்டுபிடித்துச் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். அவர் வந்து பார்க்கிறார் என்றால் சும்மாவா? அதனால்தான் கோபி எண்ணெய் வைத்திருந்தான்.

வரிசையின் கடைசியில் பொற்கொடி நின்றாள். அவளுடைய அப்பா பொன்னுசாமிக்கு ஓசூரில் கிரானைட் கல் அறுக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால், சென்ற ஜூன் மாதம் கோவில்பட்டிப் பக்கமிருந்து குடும்பத்தோடு இங்கே வந்திருந்தார்கள். பள்ளியில் சேர்ந்த முதல் நாள், காலியாக இருந்த பெஞ்சைக் காட்டி, "நான் இங்கன உக்காரட்டா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

"இங்கனவா? அது என்னா 'இங்கன'?" என்று கோபி சிரித்தான். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயரே 'இங்கன' ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பொற்கொடி வகுப்பில் வாயைத் திறப்பதே இல்லை. பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள்.

யுவஸ்ரீயிடம் மட்டும் பேசுவாள். யுவஸ்ரீ வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். மூன்றும் சில சமயம் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அதனால் அவள் யாருடைய பேச்சையும் கேட்டுச் சிரித்ததில்லை.

பஸ் ஏறினார்கள். இறங்கினார்கள். இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது.

"அண்ணே, இந்தப் பக்கம் நெடுங்கல் ஒண்ணு இருக்காமே, எப்படிப் போகணும்?" என்று டீச்சர் கேட்டார்.

"நெட்டக்கல்லுங்களா?" டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே தாடையால் வழி காட்டினார். "இப்படியே நேரா போங்க. மேட்டைத் தாண்டினா நெட்டையா நிக்கும். கண்ணு தெரியாதவங்களுக்கும் தெரியும்!"

மேட்டைத் தாண்டினார்கள். அவர் சொன்னபடியே நின்றது கல். சாம்பல் நிறம். ஒன்றரை ஆள் உயரம். ஒரு பக்கம் முழுக்கக் கோவைக்கொடி படர்ந்து கிடந்தது. இன்னொரு பக்கத்தில் யாரோ வரிசையாக வறட்டி தட்டியிருந்தார்கள்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் கண்ணை மூடிக்கங்க. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம்! அப்ப ரோடு இல்ல, பஸ் இல்ல. இவ்ளோ பெரிய கல்லை எப்படித் தூக்கிட்டு வந்திருப்பாங்க? எத்தனை பேரு கயிறு கட்டி இழுத்திருப்பாங்க? நெனச்சுப் பாருங்க!"

கோபிக்கு மயிர்க்கூச்செறிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் மூன்று தடவை போட்டுக்கொண்டான். அவனைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் போட்டுக்கொண்டார்கள். ரஞ்சிதா தன் தலையில் இருந்த கனகாம்பரத்தை எடுத்துக் கல்லின் அடியில் வைத்தாள்.

"இப்ப எல்லாரும் உக்காந்து கல்லைப் படமா வரைங்க. ஹெட்மாஸ்டர் ஐயா வந்தா காட்டணும்."

எல்லோரும் வறட்டிப் பக்கம் உட்கார்ந்தார்கள். பொற்கொடி மட்டும் நிழல் தேடிக் கொடிப் பக்கம் போனாள். கல்லின் ஓரம் நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று தெரிந்தால்தானே வரைய முடியும்? கொடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

கல்லின் ஓரத்தில் மேலிருந்து கீழாக நீளமாக ஒரு பள்ளம் ஓடியது. பாதியாகப் பிளந்த மூங்கில் குழாய் மாதிரி. அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு பள்ளம். அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் எல்லாம் ஒரே அளவு.

பொற்கொடியின் பென்சில் நின்றுவிட்டது.

இந்தப் பள்ளங்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது, அவர் வரும்வரை தொழிற்சாலை வாசலில் காத்திருப்பாள். குவாரியிலிருந்து லாரியில் வந்த கற்கள் அங்கே யானை யானையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் இதே பள்ளங்கள் இருக்கும். பெயிண்டில் ஒரு நம்பரும் இருக்கும். பாறையில் மெஷினால் வரிசையாகத் துளை போட்டு, அந்த வரிசையிலேயே பிளப்பார்கள். பாதித் துளை இந்தக் கல்லோடு, பாதித் துளை அந்தக் கல்லோடு.

அவள் கொடியை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது: 14.

அந்தப் பக்கம் டீச்சர் குனிந்து குனிந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா வந்திருக்கு! சூப்பர்!" என்ற குரல் கேட்டது. மூன்று வாரமாகக் கேட்டுக் கேட்டு வாங்கிய சுற்றுலா. பதினொன்றரைக்குத் தலைமையாசிரியர் வருவார். பாடப் புத்தகத்தையே விடாதவர், இந்தப் பதினாலை விடுவாரா?

கத்திச் சொன்னால் எல்லோரும் டீச்சரைப் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லோரும் சேர்ந்து சிரித்தால் எப்படி இருக்கும் என்று பொற்கொடியைவிட யாருக்குத் தெரியும்?

அவள் எழுந்து போய் டீச்சரின் புடவைத் தலைப்பை மெதுவாக இழுத்தாள்.

"டீச்சர், ஒரு நிமிசம் அங்கன வாரீகளா? என் படத்துல ஒரு சந்தேகம்."

ஏழு மாதமாக வாய் திறக்காத பெண் தானாக வந்து கூப்பிட்டதும் டீச்சர் உடனே போனார். பொற்கொடி கொடியை விலக்கிக் காட்டினாள்.

டீச்சர் பார்த்தார். பள்ளத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவினார். பதினாலைப் பார்த்தார். அப்படியே பக்கத்தில் கிடந்த ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"மெசின் வச்சுத் தொளை போட்ட தடம் டீச்சர்," என்று பொற்கொடி கிசுகிசுத்தாள். "எங்கப்பா வேலை பாக்குற எடத்துல எல்லாக் கல்லுலயும் இப்படித்தான் இருக்கும்."

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல டீச்சர்."

"ஏன்?"

"நீங்க சொன்னாத்தான் நல்லாருக்கும்."

டீச்சர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு கைகளையும் தட்டினார்.

"எல்லாரும் பென்சிலைக் கீழ வைங்க! நாம தப்பான கல்லைக் கும்பிட்டுட்டு இருக்கோம். தப்பு என்னுதுதான். கண்டுபிடிச்சது பொற்கொடி. வந்து பாருங்க."

இருபத்தைந்து பேரும் ஓடி வந்தார்கள். பதினாலைப் பார்த்தார்கள். பிறகு கோபி கேட்டான்.

"டீச்சர், ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே பெயிண்டு கண்டுபிடிச்சிட்டாங்களா?"

முதலில் சிரித்தது டீச்சர்தான். அதன் பிறகு யார் சிரித்தாலும் அது வலிக்கவில்லை. ரஞ்சிதா போய்த் தன் கனகாம்பரத்தைத் திரும்ப எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஆனா டீச்சர்," என்றான் கோபி, சிரிப்பு அடங்கியதும். "ஹெட்மாஸ்டர் வருவாரே! கொடியை இழுத்துவிட்டு நம்பரை மூடிடலாம். நான் இங்கயே சாஞ்சு நின்னுக்கறேன். அவருக்குத் தெரியவா போவுது?"

பலருக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் வாயைத் திறக்கும் முன் பொற்கொடி பேசிவிட்டாள்.

"எதுக்கு மூடணும்? நெசக் கல்லு இங்கனதான் எங்கயாவது இருக்கும். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்குல்லா? தேடுவோம்!"

'இங்கன' என்றுதான் சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. கல் எங்கே என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

சற்றுத் தள்ளி ஓர் அவரைத் தோட்டத்தில் ஓர் அம்மாள் காய் பறித்துக்கொண்டிருந்தார். பெயர் வெங்கடம்மா. டீச்சர் வரப்பில் நின்று கேட்டார். "அம்மா, இங்க பழங்காலத்துக் கல்லு ஒண்ணு இருக்காமே? நெடுங்கல்?"

வெங்கடம்மா நிமிர்ந்து சுற்றிலும் கையை வீசிக் காட்டினார். "கல்லாம்மா? எந்தக் கல்லு? இங்க எல்லாமே கல்லுதான். எங்க காலை வெச்சாலும் கல்லுதான்."

"அதோ நிக்குதே, அந்தக் கல்லு..."

"அதுவா! யாரோ மனை போட வந்தாங்க. வாசல்ல இரும்பு கேட்டு மாட்ட ரெண்டு கல்லு கொண்டாந்தாங்க. ஒண்ணு நட்டாங்க. இன்னொண்ணு நடறதுக்குள்ள அவங்களுக்குள்ள சண்டை. போயிட்டாங்க. அதுல நான் வறட்டி தட்டறேன்." அவருக்குத் தமிழும் தெலுங்கும் கலந்து கலந்து வந்தது. "பழைய கல்லுன்னா எனக்குத் தெரியாதும்மா."

டீச்சரின் முகம் வாடிவிட்டது. யுவஸ்ரீ முன்னால் போய்த் தெலுங்கில் கேட்டுப் பார்த்தாள். பெரிய கல், உயரமான கல், பழைய கல் என்று எல்லாம் சொன்னாள். எதற்கும் வெங்கடம்மா இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார்.

பொற்கொடி அந்தத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் ஊர் கரிசல் காடு. அங்கே பிள்ளைகள் எறிந்து விளையாட ஒரு கல் வேண்டுமென்றால் ரயில் பாதைக்குத்தான் போக வேண்டும். இங்கேயோ எங்கு பார்த்தாலும் கல். ஆனால் தோட்டத்துக்கு உள்ளே மட்டும் ஒரு கல்லும் இல்லை. எல்லாவற்றையும் பொறுக்கி வரப்பு ஓரமாகச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை. பொற்கொடிக்குப் பட்டது.

உழவுக்கு இடைஞ்சல் என்று இத்தனை கல்லையும் பொறுக்கிப் போட்டவர்கள், எந்தக் கல்லையாவது தொடாமல் விட்டிருந்தால்?

"அம்மா," என்றாள் பொற்கொடி. "ஏர் ஓட்டும்போது, இந்தக் கல்லை மட்டும் எடுக்கக் கூடாதுன்னு சுத்திக்கிட்டுப் போவீகளா? அப்படி எங்கனயாவது ஒரு கல்லு உண்டுமா?"

யுவஸ்ரீ அதைத் தெலுங்கில் சொல்லி முடிப்பதற்குள் வெங்கடம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. மடியில் இருந்த அவரைக்காயெல்லாம் கீழே கொட்டக் கைகளைத் தட்டினார்.

"ஓ, நிலுவு ராயா! ஆ மாட்ட முந்தே செப்பகூடதா?"

"நிக்கிற கல்லாம்!" என்று யுவஸ்ரீ துள்ளினாள். "அதை முன்னாடியே சொல்லக் கூடாதான்னு கேக்கறாங்க!"

"அது எங்க பெரிய தோட்டத்துல இருக்குது," என்றார் வெங்கடம்மா. "ஏரிக்கரை மேல போயி, அந்தாண்ட எறங்கணும். எங்க ஆளுங்க யாரும் அதுமேல ஏர் மோத விடமாட்டாங்க. டிராக்டர் வந்தாலும் சுத்தித்தான் போவணும். இருங்க, நானே வர்றேன்."

மணி பத்தே முக்கால். கிளம்புவதற்குள் ரஞ்சிதா ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப ஹெட்மாஸ்டர் ஐயா? அவரு இந்தக் கல்லுக்குத்தானே வருவாரு?"

டீச்சர் ஒரு தாளைக் கிழித்து, "ஐயா, இது அந்தக் கல் இல்லை. அம்புக்குறிகளைப் பார்த்துக்கொண்டே வரவும்," என்று எழுதினார். அதைப் பதினாலாம் நம்பரின் மேல் கொடியில் செருகினார்கள். பிறகு பையிலிருந்து சாக்பீஸ் பெட்டியை எடுத்தார்.

"அம்புக்குறி போட நான்!" என்றான் கோபி. வகுப்பில் கரும்பலகை பக்கம் தலைவைத்தும் படுக்காதவன், அன்று பாறைக்குப் பாறை ஓடினான். வழியில் கல்லுக்கா பஞ்சம்? ஐம்பதடிக்கு ஓர் அம்பு. இரண்டு இடத்தில் அம்புக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரும் வரைந்தான்.

ஏரிக்கரை மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இறங்கினார்கள். அவரைப் பூ வாசனை மூக்கைத் துளைத்தது.

"செடியை மிதிக்காம வாங்க," என்றாள் முன்னால் போன பொற்கொடி. அந்தச் சொல் அப்படியே பின்னால் போனது. இருபத்தாறு பிள்ளைகளும் ஒரு செடியைக்கூட மிதிக்கவில்லை.

ஒரு புளியமரத்தைச் சுற்றித் திரும்பினார்கள். வெங்கடம்மா ஒன்றும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

பரந்த அவரைத் தோட்டத்தின் நட்டநடுவே அது நின்றது. மூன்று ஆள் உயரம். அகலமான பலகைபோல, மேலே போகப் போகக் குறுகி, கிழக்கே கொஞ்சம் சாய்ந்து. உச்சியில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. கீழிருந்து பார்க்கச் சிட்டுக்குருவி மாதிரி தெரிந்தது. உழவுச் சால்கள் அத்தனையும் நேராக ஓடி வந்து, கல்லுக்கு முன்னால் வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகப் போயின.

யாரையும் கண்ணை மூடிக்கொள்ளும்படி டீச்சர் சொல்லவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிட்டே போய் உள்ளங்கையை வைத்தார்கள். வெயில் பட்ட பக்கம் சுட்டது. நிழல் பக்கம் ஜில்லென்று இருந்தது. ஏழு பேர் கைகோத்து நின்றால்தான் அதைச் சுற்ற முடிந்தது. பொற்கொடி கல்லோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். மேகம் நகர நகர, கல்லே நடப்பது மாதிரி இருந்தது.

"பொற்கொடி," என்று கோபி மெல்லக் கூப்பிட்டான். அந்தப் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. "இதுல பள்ளம் கிள்ளம் இல்லையே?"

"நானும் அதைத்தான் பாக்கேன். நீ அந்தப் பக்கம் பாரு."

இருவரும் ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி வந்தார்கள். நடுவில் சந்தித்தபோது இருவருக்கும் வாயெல்லாம் பல்.

பதினொன்று முப்பத்தெட்டு. புளியமரத்துக்கு அப்பால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் முனிசாமி வந்தார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். கையில் டீச்சர் எழுதிய தாள்.

"நாற்பத்தொரு அம்பு," என்றார். "எண்ணிக்கிட்டே வந்தேன். அதுல ஒண்ணு தலைகீழ். ஏரிப் பக்கம் திரும்பிப் போயிட்டு வந்தேன். யாரு போட்டது?"

கோபி ரஞ்சிதாவுக்குப் பின்னால் ஒளிந்தான்.

டீச்சர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். முதலில் தப்பான கல்லுக்குப் போனது, வறட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டது, பதினாலு, எல்லாம். தலைமையாசிரியர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கல்லை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி. அது புதுக் கல்லு. இது மட்டும் பழைய கல்லுன்னு என்ன அத்தாட்சி?"

பிள்ளைகள் ஓரடி பின்வாங்கினார்கள். மைனாகூடப் பறந்துவிட்டது. டீச்சர் பொற்கொடியைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பொற்கொடி முன்னால் வந்தாள்.

"ஐயா, குவாரில ஒடைச்ச கல்லுல மெசின் தொளைத் தடம் இருக்கும். இதுல ஒண்ணுகூட இல்ல. நானும் கோபியும் முழுசாச் சுத்திப் பாத்துட்டோம். அப்புறம், இங்கன பாருங்க, கல்லு மேல வெள்ளையும் ஆரஞ்சுமா பாசி திட்டுத் திட்டாப் படிஞ்சிருக்கு. அந்தக் கல்லுல ஒரு பொட்டுகூட இல்ல. இம்புட்டுப் படியணும்னா ரொம்ப ரொம்ப வருசம் ஆகும்லா? அடியில பாருங்க, சாயாம இருக்கச் சுத்தி குண்டுக்கல்லாப் பொதைச்சிருக்காங்க. சிமிண்டு இல்ல. அப்புறம் இந்தச் சால் தடம். இந்தத் தோட்டத்துல உள்ள எல்லாக் கல்லையும் பொறுக்கி வரப்புல போட்டுட்டாக. இதை மட்டும் யாரும் எடுக்கல. யாரு நிறுத்துனதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா எடுக்கக் கூடாதுன்னு மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத்தான், இத்தனை பேர் முன்னால் இவ்வளவு நேரம் பேசியது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தலைமையாசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கல்லில் கையை வைத்து, தடவித் தடவி, ஒரு முழுச் சுற்று வந்தார். குனிந்து குண்டுக்கற்களைப் பார்த்தார். பாசியை நகத்தால் மெல்லத் தொட்டார். இரண்டாவது சுற்றும் வந்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் அந்தப் பேனாவை அப்படியே திரும்பப் பையில் செருகினார்.

"பிழை ஒண்ணும் கிடைக்கல," என்றார்.

"ஹோ..!" என்று இருபத்தாறு தொண்டைகள் போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்த கொக்குகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. வெங்கடம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இருங்க, இருங்க, நான் இன்னும் முடிக்கல," என்றார் தலைமையாசிரியர். "டீச்சரம்மா, வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொன்னேன் இல்ல? அது சரிப்படாது."

டீச்சர் விரல்களைப் பின்னிக்கொண்டார்.

"பருவத்துக்கு ஒண்ணு. வருஷத்துக்கு மூணு. நானும் கூடவே வருவேன். பஸ்ஸுல."

இந்த முறை கோபி டீச்சரின் கையைப் பிடித்துக் குதித்தான். ரஞ்சிதா தன் கனகாம்பரத்தை எடுத்து, இந்தத் தடவை சரியான கல்லின் அடியில் வைத்தாள். வெங்கடம்மா கை நிறைய அவரைக்காய் பறித்து ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் போட்டார். "வீட்டுல குழம்பு வெக்கச் சொல்லுங்க. நிலுவு ராயி தோட்டத்துக் காயின்னு சொல்லுங்க."

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் அவ்வளவாகக் கூட்டம் இல்லை. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"எங்க போயிட்டு வர்றீங்க, இவ்ளோ பேரு?"

"கல்லு பாக்க!" என்றது மொத்த வகுப்பும்.

"கல்லா? வெறும் கல்லைப் பாக்கவா இத்தனை டிக்கெட்டு?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "டேய், சும்மா இருங்கடா!" என்று கோபி கத்தினான். "பொற்கொடி, நீ சொல்லு!"

பொற்கொடி ஜன்னலோர இருக்கையிலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெறும் கல்லு இல்லண்ணே. அங்கன உக்காருங்க, சொல்லுதேன்," என்று ஆரம்பித்தாள்.

டீக்கடையிலிருந்து தொடங்கிச் சொன்னாள். வறட்டி வந்தபோது பின் இருக்கைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். பதினாலு வந்தபோது டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். தலைமையாசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்த இடத்தில் பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. மத்திகிரி நிறுத்தம் வந்தது, அப்படியே பின்னால் போயும் விட்டது. விசில் அடிக்க வேண்டிய கண்டக்டர், விசிலை வாயில் வைத்துக்கொண்டே கதை கேட்டுக்கொண்டிருந்தார்.